உப்பு குறையவில்லை என்றால் ரெசினில் கை வைக்காதீர்கள்

கேள்வி: வீட்டில் கடின நீரை மென்மையாக்கும் வாட்டர் சாஃப்ட்னர் வைத்து நான்கு வருடம் ஆகிறது. இரண்டு மாதமாகத் தொட்டியில் போட்ட உப்பு அப்படியே இருக்கிறது. ஷவரில் மறுபடி வெள்ளைப் படிவு. சர்வீஸ்காரர் டி.டி.எஸ். மீட்டரில் அளந்து காட்டி, ரெசின் செத்துவிட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். உப்பு குறையவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ரெசின் என்பது நீரிலுள்ள கால்சியத்தைப் பிடிக்கும் சிறு மணிகள். அவற்றைப் புதுப்பிக்கும் உப்புக் கரைசல் அங்கே போய்ச் சேரவே இல்லை. இந்த நிலையில் புது ரெசின் போட்டால் அதுவும் சில நாளில் இப்படித்தான் நிற்கும்.

அந்த டி.டி.எஸ். மீட்டரை முதலில் தூர வையுங்கள். நீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைத்தான் அது காட்டும். சாஃப்ட்னர் தண்ணீரில் கரைந்திருப்பதைக் குறைப்பதில்லை, மாற்றுகிறது. 40 மில்லிகிராம் கால்சியத்தை எடுத்துக்கொண்டு 46 மில்லிகிராம் சோடியத்தை விடுகிறது. ஆகவே நன்றாக ஓடும் சாஃப்ட்னரிலும் டி.டி.எஸ். குறையாது. இது அந்த ஆளுக்குத் தெரியாது என்று நம்புவது கஷ்டம். விற்கும்போது ஒரு அளவு, பழுது பார்க்கும்போது வேறு அளவு என்பது இந்தத் தொழிலில் சகஜமாகிவிட்டது. நீங்கள் வாங்க வேண்டியது நீரின் கடினத்தன்மையை அளக்கும் ஹார்ட்னெஸ் டெஸ்ட் கிட். சொட்டுச் சொட்டாக விட்டு, சிவப்பு நீலமாக மாறும்வரை எண்ணுவீர்கள். சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு சாம்பிள், பின்னால் ஒரு சாம்பிள். சாஃப்ட்னருக்குள் போகாமல் நீரைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு பாதி திறந்திருந்தால் இரண்டும் கலந்து வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உப்புத் தொட்டி. துடைப்பக் கட்டையால் உப்பை மெதுவாகக் குத்துங்கள். மேலே கெட்டியான ஓடு, கீழே வெற்றிடம் என்றால் உப்புப் பாலம் கட்டியிருக்கிறது. உடைத்துவிட்டால் போதும். இரும்புக் கம்பியால் குத்தித் தொட்டியை ஓட்டையாக்க வேண்டாம். பொடி உப்பு போட்டிருந்தால் அடியில் சேறு மாதிரி இறுகியிருக்கும். அள்ளி எறிந்துவிட்டு டேப்லெட் உப்பு போடுங்கள்.

பாலம் இல்லை என்றால், கையால் ரீஜெனரேஷன் ஓட்டுங்கள், அதாவது உப்புக் கரைசலால் ரெசினைப் புதுப்பிக்கும் ஓட்டம். உப்பு இழுக்கும் கட்டத்துக்கு வந்ததும் தொட்டியில் நீர்மட்டத்தை மார்க்கரால் குறியுங்கள். 15 நிமிடத்தில் மட்டம் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வால்வுக்குள் உப்புக் கரைசலை உறிஞ்சும் இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். பைபாஸில் போட்டு, அழுத்தத்தை வடித்த பிறகே மூடியைக் கழற்றுங்கள். நாசில் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாசிலையும் சின்ன வலையையும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, அடைப்பை மரப் பல்குச்சியால் எடுங்கள். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி உறிஞ்சும் சக்தி போய்விடும். மட்டம் இறங்குவதற்குப் பதில் ஏறினால் கழிவுக் குழாய் மடிந்தோ அடைந்தோ இருக்கிறது. தொட்டிக்குப் போகும் மெல்லிய குழாயின் நட்டு தளர்ந்திருந்தால் உப்புக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும்.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து நேரடியாக நீர் வருகிறதா? 10 மீட்டர் உயரம் தருவது வெறும் 1 பார் அழுத்தம். பல வால்வுகளுக்கு 1.5 பாராவது வேண்டும். ரீஜெனரேஷன் பெரும்பாலும் இரவு 2 மணிக்கு வைத்திருப்பார்கள். அப்போது பம்ப் நின்றிருந்தால் இயந்திரம் என்ன செய்யும்? மின்சாரம் போய் வந்து கடிகாரம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

உப்பு குறைந்தும் தண்ணீர் கடினமாகவே வரும் ஒரு விதிவிலக்கு உண்டு. அதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விற்பவர் யாரும் கேட்பதில்லை: இரும்பு. உங்கள் நீரை வெள்ளை வாளியில் பிடித்து ஒரு நாள் அப்படியே விடுங்கள். தெளிவாக வந்த நீர் மஞ்சளாகவோ காவியாகவோ மாறினால் அதில் கரைந்த இரும்பு இருக்கிறது. அது ரெசினில் துருவாகப் படியும். அப்போது உப்பும் ஒழுங்காகக் குறையும், தண்ணீரும் கடினமாகவே வரும். அதற்கும் உடனே ரெசின் மாற்ற வேண்டியதில்லை. இரும்பு நீக்கும் ரெசின் கிளீனரை அட்டையில் சொன்ன அளவில் உப்புத் தொட்டிக்குள் நிற்கும் அகலக் குழாயில் (உப்புக் கிணறு) ஊற்றி ரீஜெனரேஷன் ஓட்டுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு தடவை. பிளீச்சிங் மட்டும் போடாதீர்கள், குளோரின் ரெசின் மணிகளை நொறுக்கிவிடும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் இரும்புக்கு, செட்டிங்கில் கடினத்தன்மையைச் சுமார் 70 மில்லிகிராம் கூட்டி வையுங்கள். இரும்பு அதிகம் என்றால் சாஃப்ட்னருக்கு முன்னால் தனி ஃபில்டர் இல்லாமல் தீராது. அதைச் சொல்லாமல் விற்றவரிடம் போய்ச் சண்டை போடுங்கள்.

சரிசெய்த பின் ரீஜெனரேஷனை இரண்டு முறை அடுத்தடுத்து ஓட்டிவிட்டு மறுபடி ஹார்ட்னெஸ் பாருங்கள். இரண்டு ஓட்டத்திலும் உப்பு ஒழுங்காக இழுத்திருந்தும், முன்னும் பின்னும் ஒரே எண் வந்தால் மட்டுமே ரெசின் பேச்சை எடுக்கலாம். அப்போதும் எத்தனை லிட்டர் ரெசின் போடுகிறார் என்று எழுதி வாங்கி, பை பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.