கோட்டைவிட்ட ரோபோ: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் பள்ளி ரோபோ குழு ஆறு வருடமாகப் போட்டிகளுக்குப் போகிறது. ஆண்டு மலருக்காக அதன் போட்டி வரலாற்றை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கையில் சான்றிதழ்களும் குரூப் போட்டோக்களும்தான் இருக்கின்றன. எப்படி எழுதுவது?
– ஆசிரியை, அம்பாசமுத்திரம்

பதில்: மலருக்கு அவையே போதும். ஆனால் அடுத்த வருடம் ரோபோ வண்டியைப் போட்டியில் இறக்கப்போகிற எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. எந்த வளைவில் வண்டி தடம் மாறியது என்று சான்றிதழ் சொல்லாதே!

ஒரு போட்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, எந்த ஆண்டின் விதிகள், வண்டியின் எடை, சக்கரத்தின் விட்டம், மோட்டாரின் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் பேட்டரி வோல்ட், எடுத்த நேரம், அடுத்த ஓட்டத்துக்குள் மாற்றியது என்ன. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். சக்கரத்தையும் புரோகிராமையும் சேர்த்து மாற்றினால் எது கைகொடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பிளஸ் டூ முடித்துப் போனவர்களிடம் இப்போதே வாட்ஸ்அப்பில் கேட்டு, பழைய புரோகிராம்களை வாங்கி, பெயரில் தேதி போட்டு வையுங்கள். லேப்டாப் மாறினால் அதுவும் போய்விடும்.

மதிப்பெண்களை வரிசையாக அடுக்கி வளர்ச்சி காட்ட ஆசை வரும். லெகோ ரோபோவை வைத்துப் பணிகளை முடிக்கும் ஃபர்ஸ்ட் லெகோ லீக் போன்ற பள்ளி மாணவர் போட்டியில் ஆட்ட நேரம் அதே இரண்டரை நிமிடம்தான். ஆனால் பணிகள் சீசனுக்குச் சீசன் மாறும். அதனால் உங்கள் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே அன்று முதலிடம் வந்த அணியின் மதிப்பெண்ணையும் போடுங்கள். ஒப்பிட அதுதான் உதவும்.

கேள்வி: வகுப்பறையில் 20 சுற்று பிசகாமல் ஓடுகிற லைன் ஃபாலோயர் (தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பின்பற்றி ஓடும் ரோபோ), போட்டி ஹாலில் முதல் வளைவிலேயே கோட்டை விட்டுவிட்டது. சென்சார் போய்விட்டதா?
– 9ஆம் வகுப்பு மாணவி, பாளையங்கோட்டை

பதில்: சென்சார் நன்றாகத்தான் இருக்கும். ஜன்னல் வழியே வந்த வெயிலைச் சந்தேகப்படுங்கள். டிசிஆர்டி5000 சென்சார் அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடித்து, திரும்பி வருவதை அளக்கிறது. நம்மூர் வெயிலிலும் அந்த ஒளி ஏராளம். திரும்பும் ஒளி கூடினால் எண் குறையும். வகுப்பறையில் வெள்ளைக்கு 60, கறுப்புக்கு 850 என்று காட்டியது, ஜன்னலோரத்தில் கறுப்புக்கும் 400 என்று இறங்கலாம். புரோகிராமில் வெள்ளையையும் கறுப்பையும் பிரிக்கும் எல்லையை 500 என்று எழுதியிருந்தால் கறுப்புக் கோடும் வண்டிக்கு வெள்ளைதான்.

எல்லையைப் புரோகிராமில் மாறாத எண்ணாக எழுதி வைக்காதீர்கள். சுவிட்ச் போட்டதும் ஐந்து விநாடி வண்டியைக் கையால் கோட்டின் குறுக்கே இடவலமாக நகர்த்துங்கள். ஒவ்வொரு சென்சாரின் குறைந்த, கூடிய அளவுகளைக் குறித்துக்கொண்டு நடுவை எடுக்கும்படி புரோகிராமை மாற்றுங்கள். சென்சாரைத் தரையிலிருந்து 3 முதல் 5 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்து, சுற்றிலும் கறுப்புச் சார்ட் பேப்பரைப் பாவாடை மாதிரி ஒட்டுங்கள்.

பயிற்சிக்கு ஃப்ளெக்ஸ் அடிப்பவர்கள் கவனிக்க: கடையில் மூன்று வண்ணங்களைக் கலந்து கறுப்பு வரவழைத்தால் கண்ணுக்குக் கறுப்பு, சென்சாருக்கு அல்ல. அகச்சிவப்பு அந்த மையைத் தாண்டி அடியிலுள்ள வெள்ளையில் பட்டுத் திரும்பிவிடும். கறுப்பு மை மட்டும் போடச் சொல்லுங்கள். சந்தேகமென்றால் பக்கத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, இரண்டு அளவையும் பாருங்கள்.

கேள்வி: காலையில் சீறுகிற வண்டி மதியம் ஊர்கிறதே?
– மாணவர், வள்ளியூர்

பதில்: இரண்டு 18650 செல்களை (சார்ஜ் செய்யும் லித்தியம் செல்கள்)த் தொடராக இணைத்தால் முழுச் சார்ஜில் 8.4 வோல்ட், ஓட ஓட 7க்கு வந்துவிடும். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் எல்298என் டிரைவர் போர்டு அதில் ஏறத்தாழ 2 வோல்டை விழுங்கிவிடும். டிபி6612 என்ற டிரைவர் அவ்வளவு தின்னாது. இரண்டு செட் பேட்டரி கொண்டுபோங்கள். ஓட்டத்துக்கு முன் மல்டிமீட்டரில் 8க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். டியூனிங்கையும் (வேகம், திருப்பம் சரிசெய்வது) அதே வோல்டில் செய்யுங்கள். இறங்கிய பேட்டரியில் சரிபார்த்த வண்டி முழுச் சார்ஜில் பாம்புபோல நெளியும்.