குரோ பேட்ரிக் மலைக்கு ஏன் அந்தப் பெயர்? அதுதான் அயர்லாந்தின் மிக உயரமான மலையா?

மிக உயரமான மலை அது இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அநேகமாக டப்ளினில் படிக்க வந்திருப்பீர்கள், நீண்ட வார இறுதிக்கு நண்பர்கள் காரில் கூப்பிட்டிருப்பார்கள், யாரோ இப்படி அடித்துவிட்டிருப்பார்கள்.

குரோ பேட்ரிக் 764 மீட்டர். நாட்டிலேயே உயரமானது தெற்கே கெரி மாவட்டத்திலுள்ள கேரன்டூஹில், ஏறக்குறைய 1,039 மீட்டர். அவ்வளவு ஏன், குரோ பேட்ரிக் நிற்கும் மேயோ மாவட்டத்திலேயே மீல்ரே (814), நெஃபின் (806) இரண்டும் அதைவிட உயரம். ஆனாலும் மேற்குக் கடலோரத்தில் கூம்பாக எழுந்து நிற்பதால் கண் முதலில் இதன் மேல்தான் போகும்.

பெயருக்கு வருகிறேன். அந்த ஊர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் மூன்று வருடம் நர்ஸாக இருந்தேன். சேர்ந்த முதல் வாரம், ஜன்னலில் தெரிந்த மலையின் பெயரைப் பலகையில் இருந்தபடியே எழுத்துக்கூட்டி ‘குரோஆக் பேட்ரிக்’ என்று சொன்னேன். உடன் வேலை பார்த்த இரண்டு பேர் சிரித்த சிரிப்பு இன்னும் மறக்கவில்லை. (என் பெயரில் இருக்கிற ழகரத்தை அந்த இரண்டு பேரும் மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடச் சரியாகச் சொன்னதில்லை. அது போகட்டும்.)

சிரிக்காமல் சொல்லிக்கொடுத்தவர் அங்கே தங்கியிருந்த ஒரு பெரியவர். எண்பதைத் தாண்டியவர், ஆடு வளர்த்த விவசாயி. அங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு நாக்கு வரவில்லை, ‘தாத்தா’ என்றே கூப்பிட்டேன். அவர்கள் ஊரில் ‘டாடா’ என்றால் போய்வருகிறேன் என்று அர்த்தம். நான் மாத்திரையோடு அறைக்குள் நுழைந்து ‘தாத்தா’ என்பேன், அவர் கையசைத்து வழியனுப்புவார். இது புரியவே பத்து நாள் ஆனது.

அவர் சொன்னது இதுதான். ஐரிஷ் மொழியில் அது ‘குரூஅஃ ஃபாட்ரிக்’. நம் ‘அஃது’வில் வருகிற ஆய்தத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் அந்த முதல் சொல்லின் கடைசி ஒலி கிட்டத்தட்ட வந்துவிடும். நான் சொல்லிக்காட்டியபோது பெரியவர் தலையாட்டினார். சரி, ‘குரூஅஃ’ என்றால் என்ன? புனிதம், சிகரம் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவர் கையால் காற்றில் ஒரு குவியல் வரைந்து, சதுப்பு நிலத்தில் வெட்டி, காயவைத்து, எரிக்க அடுக்கிவைக்கிற கரி மண்கட்டிக் குவியல் என்றார். வைக்கோல் குவித்தாலும் அதே சொல்தான். கீழத்தஞ்சையில் களத்துமேடு பார்த்து வளர்ந்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா? வைக்கோல் போர்! பேட்ரிக்கின் போர். (பேட்ரிக் என்பவர் அயர்லாந்தில் கிறிஸ்தவத்தைப் பரப்பிய புனிதர்.) இதை முன்பு ஒரு இடத்தில் எழுதியபோது ‘பேட்ரிக் யாரோடு சண்டை போட்டார்?’ என்று ஒருவர் கேட்டார். களத்துமேட்டுப் போரைத்தான் சொல்கிறேன் ஐயா.

ஊர்க்காரர்கள் முழுப் பெயரைச் சொல்வதும் குறைவு. ‘ரீக்’ என்பார்கள், அதுவும் ஆங்கிலத்தில் போர் என்கிற பழைய சொல்தான். கெரியில் கேரன்டூஹில் நிற்கும் மலைத்தொடரும் ‘மகில்லிகடி ரீக்ஸ்’. அதன் ஐரிஷ் பெயருக்குக் ‘கறுத்த போர்கள்’ என்று பொருள். மேயோவிலேயே ஆக்கில் தீவில் ‘குரோஹான்’ என்றொரு மலை இருக்கிறது. அது சின்னப் போர். ஆக, பாதிப் பெயர் விவசாயி வைத்தது.

மீதிப் பாதி பிறகு வந்தது. 7ஆம் நூற்றாண்டில் டீரெஹான் என்ற பாதிரியார் எழுதியதில் இந்த மலை ‘குரூஅஹான் ஐக்லி’தான். அங்கே பேட்ரிக் ஏறி நாற்பது பகல் நாற்பது இரவு தங்கினார், பறவைகள் அவரைத் தொந்தரவு செய்தன என்கிறார் அவர். பாம்புகளை எல்லாம் இங்கிருந்துதான் விரட்டினார் என்ற கதையும் உண்டு, ஆனால் பனியுகத்துக்குப் பிறகு அயர்லாந்தில் பாம்பே கிடையாது. பேட்ரிக் தன்னைப் பற்றித் தானே எழுதிய ‘வாக்குமூலம்’ என்ற நூலில் இந்த மலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உடனே என்னை நாத்திகவாதி என்று திட்ட வராதீர்கள். 1990களில் உச்சியில் தோண்டியபோது, கி.பி. 430க்கும் 890க்கும் இடைப்பட்டதாகக் கணித்த ஒரு சிறு கல் வழிபாட்டுக்கூடம் கிடைத்திருக்கிறது. அவ்வளவு பழங்காலத்திலேயே யாரோ ஏறிக் கும்பிட்டிருக்கிறார்கள். இப்போது உச்சியிலிருக்கும் வெள்ளைத் தேவாலயம் 1905இல் கட்டியது.

நான் ஏறியது ஓர் ஆகஸ்ட் சனிக்கிழமை. முரிஸ்க் கிராமத்திலிருந்து பாதிவரை சாதாரண ஏற்றம்தான், மூச்சு வாங்கும், அவ்வளவே. கூம்பு தொடங்கும் இடத்தில் பேட்ரிக்கின் சீடர் பெனான் பெயரில் ஒரு கற்குவியல் இருக்கிறது, அதை ஏழு முறை சுற்ற வேண்டும். ஓர் அம்மா செருப்பில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லாமலே நானும் பின்னால் நடந்தேன். நான்காவது சுற்றில்தான் உறைத்தது, வலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறோம். சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, கால் தானாகப் போயிருக்கிறது.

அதற்கு மேல் குவார்ட்சைட் என்ற கடினப் பாறையின் சரளை. ஒரு அடி வைத்தால் அரை அடி வழுக்கும். இப்போது கற்களைப் பதித்துப் பாதை போட்டிருக்கிறார்கள், நான் போனது அதற்கு முன்பு. உச்சியிலிருந்து குளூ விரிகுடா தெரியும், பனிப்பாறைகள் விட்டுப்போன மண்மேடுகள் கடலில் பாதி மூழ்கித் தீவுகளாகக் கிடக்கும். வருடத்துக்கு நாள் எத்தனையோ அத்தனை தீவு, 365 என்பார்கள். நான் எண்ணவில்லை, மேகம் ஐந்து நிமிடம்தான் விலகியது. இறங்கும்போது பாதி தூரம் உட்கார்ந்தபடியே வந்தேன், பேன்ட் போயே போய்விட்டது.

     

திங்கட்கிழமை பெரியவரிடம் போய், ஏறிவிட்டேன் என்றேன். எத்தனை சுற்று என்று கேட்டார். கீழே ஏழு என்றேன். மேலே தேவாலயத்தைப் பதினைந்து சுற்றினாயா? இல்லை. ‘அப்படியானால் நீ நடைப்பயிற்சி போயிருக்கிறாய்’ என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீங்கள் போனால் கேன்வாஸ் ஷூ வேண்டாம், கையில் ஒரு தடி கட்டாயம் இருக்கட்டும். ஜூலை கடைசி ஞாயிறு பெரிய யாத்திரை நாள், பல ஆயிரம் பேர் வருவார்கள். கூட்டம் பிடிக்காதென்றால் வேறு நாள் பாருங்கள். சனிக்கிழமை என்றால் காலை எட்டுக்குள் முரிஸ்க் போய்விடுங்கள், அப்புறம் வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டியிருக்கும்.