திரையோரத்தில் தோன்றும் "5 வைரஸ்கள்"

வாசகர் கேள்வி – பதில்: கணினி

கேள்வி: எஸ்.பி.எம். தேர்வுக்குப் படித்துவரும் என் மகளின் மடிக்கணினியில், திரையின் கீழ்மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன, பாதுகாப்பு இன்றோடு முடிகிறது" என்ற அறிவிப்பு இரண்டு வாரங்களாக வந்துகொண்டே இருக்கிறது. அதைத் தட்டினால் ஒரு சோதனை ஓடி முடிந்து, 199 ரிங்கிட் மென்பொருளை இன்று மட்டும் 59 ரிங்கிட்டுக்குத் தருவதாகச் சொல்கிறது. விருது பெற்றதாக ஒரு முத்திரையும் இருக்கிறது. வாங்கலாமா? இத்தகைய மென்பொருள்களில் நம்பத்தக்கது எது என்பதை எங்களைப் போன்றவர்கள் எப்படி அறிவது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வாங்க வேண்டாம், சகோதரி. அந்த அறிவிப்பு உங்கள் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்ன செய்தி அன்று. உலாவிக்குள் திறக்கும் ஓர் இணையப் பக்கம், வட்டில் உள்ள கோப்புகளைத் தன் விருப்பப்படி புரட்டிப் பார்க்க உலாவி இடங்கொடுப்பதில்லை. ஆகவே, நீங்கள் எதையும் நிறுவாதபோதே "முழுக் கணினியையும் சோதித்துவிட்டேன்" என்று ஒரு பக்கம் சொன்னால், சோதனை நடப்பதுபோல் அங்கே ஓடிய கோடு வெறும் அசைபடம்தான். ஆயர் ஈத்தாமில் என் அக்காள் வீட்டுக் கணினியில் இதே போன்ற பக்கம் வந்தபோது, அதன் முகவரியை என் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் திறந்து பார்த்தேன். சி டிரைவ் என்பது விண்டோஸ் கணினியின் வட்டுக்குத் தரும் பெயர். கைப்பேசியில் அப்படி ஒன்றே கிடையாது. ஆனாலும் சி டிரைவில் 5 வைரஸ்கள் இருப்பதாக, அதே வரிசையில், அதே பெயர்களுடன் அது பட்டியலிட்டது. நீங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டியதில்லை.

மகள் எப்போதோ திறந்த ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டிருக்கும். அவளும் தெரியாமல் இசைவு தந்திருப்பாள். அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள், பெரியவர்களும் இதில் அன்றாடம் சிக்குகிறார்கள். குரோம் உலாவியின் அமைப்புகளில் தனியுரிமை, தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று வரிசையாகச் சென்று, அறிமுகமில்லாத தளங்களை அங்கிருந்து நீக்கிவிட்டால் பெரும்பாலும் இந்தத் தொல்லை அன்றே நின்றுவிடும்.

அச்சுறுத்தி விற்கும் இந்த வழக்கம் புதிதன்று. வின்ஃபிக்சர், வின்ஆன்டிவைரஸ் முதலிய பெயர்களில், இல்லாத வைரஸ்களைக் காட்டி 1 மில்லியனுக்கும் மேற்பட்டோரிடம் பணம் பறித்ததாக ஒரு கூட்டத்தார்மீது அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் 2008இல் வழக்குத் தொடுத்தது. 2012இல் நீதிமன்றம் 163 மில்லியன் டாலர் செலுத்த உத்தரவிட்டது. அவர்களாவது முகந்தெரியாதவர்கள். 2019இல் வெளிவந்த வழக்குதான் என்னை அதிகம் கலங்கவைத்தது. ஆபீஸ் டெப்போ என்னும் பெரிய கடைத்தொடர், வாடிக்கையாளர்களின் கணினிகளை இலவசமாகச் சோதித்துத் தந்தது. சோதனை தொடங்கும் முன், கணினி மெதுவாக இயங்குகிறதா, அடிக்கடி நின்றுவிடுகிறதா என்பன போன்ற நான்கு கேள்விகள் கேட்கப்பட்டன. அவற்றுள் ஒன்றுக்கு "ஆம்" என்று குறித்துவிட்டால், வட்டில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும், தீய நிரலின் அறிகுறி உண்டு என்றே முடிவு வந்ததாக அதே ஆணையம் குற்றஞ்சாட்டியது. கடையும் மென்பொருளை வழங்கிய நிறுவனமும் சேர்ந்து 35 மில்லியன் டாலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டன. கடையின் பெயர் பெரிதாக இருப்பதால் மட்டும் நாம் நம்பிவிட முடியாது என்பதற்காகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

விற்பவரைத் தவிர வேறு யார் இதைச் சோதித்துப் பார்த்தார்கள் என்பதே நான் முதலில் கேட்கும் கேள்வி. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய ஆய்வகங்கள் உண்மையான தீய நிரல்களைக் கொண்டு இம்மென்பொருள்களைச் சோதித்து, முடிவுகளைத் தம் தளங்களில் யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்ற மூன்றுக்கும் தலா 6 புள்ளிகளாக மொத்தம் 18 புள்ளிகளுக்கு மதிப்பிடுகிறது. விளம்பரத்தில் உள்ள முத்திரை படமாக ஒட்டப்பட்டது. அதை யாரும் வெட்டி ஒட்டலாம். ஆய்வகத்தின் தளத்துக்கே சென்று அந்தப் பெயரைத் தேடுங்கள். இருந்தால், எந்த மாதத்து முடிவு என்பதையும் பாருங்கள்.

வைரஸைப் பிடிக்கும் திறமை மட்டும் போதாது. சோதனைகளில் நல்ல பெயர் வாங்கிய அவாஸ்ட் நிறுவனமே, பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குச் சென்றார்கள் என்ற விவரங்களைத் திரட்டி விற்றதாக எழுந்த குற்றச்சாட்டில், 2024இல் 16.5 மில்லியன் டாலர் செலுத்த நேர்ந்தது. ஆகவே, நம் தகவல்களை என்ன செய்யப்போகிறார்கள் என்பதையும், இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, அது அட்டையிலிருந்து தானாகவே கழிக்கப்படுமா என்பதையும் பணம் கட்டுமுன் படித்துவிடுங்கள்.

உங்கள் மகளின் கணினியில் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால், மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்னும் வைரஸ் தடுப்பு மென்பொருள் அதனுடனேயே இலவசமாக வந்திருக்கிறது. மேற்சொன்ன ஆய்வகங்களின் சோதனைகளில் அது அண்மை ஆண்டுகளில் நல்ல மதிப்பெண்களே பெற்றுவருகிறது. படிக்கும் பிள்ளைக்கு அது போதும் என்பது என் கருத்து. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது என்பதால், அந்த 59 ரிங்கிட்டைப் பற்றி யோசிப்பதைவிடக் கணினி விண்டோஸ் 11ஐத் தாங்குமா என்று பார்ப்பது அவசரமான வேலை.

கேள்வி: இப்படி ஒரு மென்பொருளுக்கு நேற்று அட்டையில் பணம் கட்டிவிட்டேன். உதவி செய்வதாகச் சொன்னவர் தொலைவிலிருந்தே என் கணினியையும் இயக்கினார். இனி என்ன செய்வது?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல், அட்டையின் பின்புறம் உள்ள எண்ணில் வங்கியை அழையுங்கள், ஐயா, அட்டையை முடக்கச் சொல்லிவிட்டு, தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண்ணுக்கும் தெரிவியுங்கள். கணினியை இணையத்திலிருந்து துண்டித்து வையுங்கள். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை அந்தக் கணினியில் மாற்றாமல் கைப்பேசியிலோ வேறொரு கணினியிலோ மாற்றுங்கள். அவர் ஏற்றிய நிரல்களைத் தேடித்தேடி நீக்குவதைவிட, உங்கள் கோப்புகளைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸை முழுவதும் புதிதாக நிறுவிக்கொள்வதே நல்லது. பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி அதே ஆள் மீண்டும் அழைக்கக்கூடும், அழைப்பை ஏற்காதீர்கள்.