ஒதுங்கி நிற்கும் கோழி: முதலில் சூடு, அடுத்து தண்ணீர், அப்புறம்தான் மருந்து

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் காபித் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. பத்து நாட்டுக்கோழி வளர்க்கிறோம். ஒரு பெட்டை மூன்று நாளாக இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி ஓரமாக நிற்கிறது. தீனி எடுப்பதில்லை. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போகிறது. கொண்டை வெளுத்துவிட்டது. தூக்கினால் எடையே இல்லை. மற்றவை நன்றாக மேய்கின்றன. மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் பாதி கொடுத்தோம், கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளைக்கழிச்சல் என்கிறார். சாவதற்குள் அறுத்துவிடு என்கிறார் மாமியார். பிழைக்க வழி உண்டா?

பதில்: வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இன்று ராத்திரியே ஆரம்பிக்க வேண்டும். நிற்கத் தெம்பு இருக்கும்வரை கோழி தன் நோவை வெளியே காட்டாது, கூட்டத்தோடு கிளறிக்கொண்டே திரியும். நீங்கள் மூன்று நாள் என்கிறீர்கள். எடையே இல்லை என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், சீக்கு விழுந்து வாரக்கணக்கில் ஆகியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கோழியை மடியில் வைத்து நெஞ்செலும்பை விரலால் தடவுங்கள். நல்ல கோழிக்கு எலும்பின் இரண்டு பக்கமும் சதை திரண்டிருக்கும், நடுவில் மேடு மட்டும் விரலில் படும். உங்கள் கோழிக்கு அந்த எலும்பு கத்தி முனை மாதிரி தட்டுப்பட்டால், அது வெகுநாளாக உள்ளுக்குள் கரைந்துகொண்டிருந்த கோழி. வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் என்ற வைரஸ் நோய்) இப்படி மெல்ல மெல்ல இளைக்க வைக்காது. கொழுத்த கோழியைக்கூட சில நாளில் சாய்த்துவிடும்.

பச்சை எச்சத்தைப் பார்த்துத்தான் பலரும் வெள்ளைக்கழிச்சல் என்று முடிவு கட்டுகிறார்கள். கோழிக்குச் சிறுநீர் தனியாகப் போவதில்லை, வெள்ளையாக எச்சத்தோடு வரும். தீனியே எடுக்காத கோழிக்குக் குடலில் பித்தம் மட்டும்தான் இறங்கும், அது பச்சை. ஆக, பட்டினி கிடக்கிற எந்தக் கோழியும் பச்சையும் வெள்ளையுமாகத்தான் கழியும். வெள்ளைக்கழிச்சலுக்கு வேறு அடையாளங்களும் உண்டு: வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, இறக்கை தொங்குவது, கழுத்து திருகிக்கொள்வது, தோல்முட்டை இடுவது. எல்லாவற்றையும்விட முக்கியம், தடுப்பூசி போடாத கூட்டத்தில் ஒன்றுக்கு வந்தால் சில நாளில் அடுத்தடுத்து விழும். உங்கள் மற்ற ஒன்பதும் மேய்வது நல்ல அறிகுறி. இருந்தாலும் இன்னும் இரண்டு வாரம் அவற்றின் மேல் கண் இருக்கட்டும்.

இனி செய்ய வேண்டியது. கோழியின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி. தீனி எடுக்காத கோழியால் அந்தச் சூட்டைக் காப்பாற்ற முடியாது. நாகலூர் பனியில், ஈரக் காற்றில், நோயைவிடக் குளிர் முந்திக்கொள்ளும். ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் காய்ந்த வைக்கோல் போட்டு, வீட்டுக்குள் காற்று வீசாத மூலையில் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் 60 வாட் குண்டு பல்பை வைக்கோலில் படாமல், ஒன்றரை அடி உயரத்தில் கெட்டியாகக் கட்டுங்கள். சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். வாய் பிளந்து இளைத்தால் பல்பை உயர்த்துங்கள். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். (கீழே சேலத்தில் சித்திரை வெயிலில் இதே கோழி இருந்தால் பல்பு கூடாது, நிழலும் காற்றும்தான் வேண்டும்.)

சூடு ஏறிய பிறகு தண்ணீர். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மறுநாள் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். தானாகக் குடிக்கவில்லை என்றால் ஊசி இல்லாத சிரிஞ்சால் கொடுக்கலாம். ஆனால் வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள். அலகைத் திறந்து பார்த்தால் நாக்குக்குப் பின்னால் ஒரு சின்னத் துளை திறந்து திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழாய். அதற்குள் தண்ணீர் போனால் நோயில் தப்பிய கோழி நம் கையாலேயே சாகும். அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வையுங்கள், அது விழுங்கியதும் அடுத்த சொட்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, கொஞ்சம் கொஞ்சமாகப் போதும்.

தெம்பு வந்து கண் திறந்தால்தான் தீனி. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் தண்ணீரில் மசித்தோ, கேழ்வரகுக் கூழைத் தளர்த்தியோ கொடுங்கள். அதற்கு முன் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். விடிகாலையில் அது காலியாக இருக்க வேண்டும். கல்லாகவோ, தளதளவென்று புளித்த நாற்றத்தோடோ இருந்தால் தீனியே கொடுக்கக் கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். தலைகீழாகப் பிடித்து அழுத்தி வெளியேற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதிலும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்து உண்டு.

காரணத்துக்கு வருவோம். வெளுத்த கொண்டை, கரைந்த உடம்பு, ஈரமான தோட்டத்து மேய்ச்சல் என்றால் என் சந்தேகம் முதலில் குடற்புழு மேல், அடுத்து உண்ணி மேல். காபிச் செடிக்கு அடியில் மட்கிய இலையைக் கிளறித் தின்னும் கோழிக்கு மண்புழு, வண்டு, எறும்பு வழியாகப் புழு ஏறும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் புழு முட்டை வெகுநாள் சாகாது. புதிதாகப் போட்ட எச்சத்தைக் கொஞ்சம் சுத்தமான டப்பாவில் எடுத்து ஏற்காடு கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் புழுவா, ரத்தக்கழிச்சல் கிருமியா என்று தெரிந்துவிடும். போய்வர முடியாத நாளில் கால்நடை உதவி எண் 1962-க்கு போன் செய்து யோசனை கேட்கலாம். புழு மருந்தைக் கோழியின் எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். இவ்வளவு நலிந்த கோழிக்கு எடுத்த எடுப்பில் கொடுப்பதும் சரியில்லை. குடல் நிறையப் புழு இருந்து ஒரே நேரத்தில் செத்தால் அடைத்துக்கொள்ளும். தேறிய பிறகு, மற்ற ஒன்பதுக்கும் சேர்த்துக் கொடுக்கலாம்.

உண்ணியைப் பகலில் தேடினால் அகப்படாது. ராத்திரி டார்ச்சோடு போய்க் கூண்டின் பலகை இடுக்கையும் பஞ்சாரத்தின் மூங்கில் பின்னலையும் பாருங்கள். பகலெல்லாம் அங்கே ஒளிந்திருந்து இருட்டியதும் ரத்தம் குடிக்க இறங்கும். இருந்தால் இடுக்குகளை அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். தோட்டத்துக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கும், அதைக் கோழி மேலோ கூண்டிலோ தெளிக்கவே கூடாது. கோழியும் போகும், முட்டை வழியாகக் குழந்தைகளுக்கும் போகும்.

மெடிக்கல் மாத்திரையை இத்தோடு நிறுத்துங்கள். அது ஆன்டிபயாடிக்காக இருந்தால் வைரஸையும் கொல்லாது, புழுவையும் கொல்லாது. மனிதர்களுக்குக் கடைசிப் புகலாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிகளுக்கும் மற்ற உணவுக் கால்நடைகளுக்கும் பயன்படுத்த 2019-ல் மத்திய அரசு தடை விதித்ததற்குக் காரணமே, இப்படிக் கண்டபடி கொடுத்து மருந்துக்குக் கிருமி பழகிப்போவதுதான். கொடுத்த மாத்திரையின் பெயரை டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தக் கோழி முட்டையிட்டால் எத்தனை நாள் தள்ள வேண்டும் என்று அவர் சொல்வார். சீரகம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை, தேறுகிற கோழிக்கு அது கைகொடுக்கும். அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது என்பதுதான் என் வேண்டுகோள்.

உங்கள் மாமியார் சொன்னது வீணாகக் கூடாதே என்ற அக்கறையில். ஆனாலும் வேண்டாம். மருந்து ஏறிய கறி என்பது ஒருபக்கம். வயதான கோழி இப்படி இளைத்தால் பறவைக் காசநோயாகவும் இருக்கலாம். அதோடு சீக்குக் கோழியை அறுத்துக் குடலையும் இறகையும் வீசினால், நோய் ஊர் முழுக்கப் பரவும். சந்தையில் தள்ளிவிடுவது அதைவிட மோசம்.

தினமும் நல்ல கோழிகளைக் கவனித்துவிட்டுக் கடைசியாக இதனிடம் போங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இரண்டு நாள் இப்படிப் பார்த்தும் சொட்டுத் தண்ணீர்கூட விழுங்காமல் சாய்ந்தே கிடந்தால், இழுபட விடாமல் டாக்டரைக் கொண்டு அமைதியாக முடித்துவிடுவதே அதற்குச் செய்யும் நல்லது. இறந்தால், இரண்டு கவர் போட்டு ஐஸ் வைத்து அன்றே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப முடியுமா பாருங்கள். அறுத்துப் பார்த்தால் மற்ற ஒன்பதுக்கும் என்ன செய்யலாம் என்று தெரியும். முடியாவிட்டால் ஓடையிலிருந்து தள்ளி, நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று செத்தாலோ, முகம் வீங்கிக் கொண்டை கறுத்தாலோ எதையும் தொடாமல் உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

தடுப்பூசி போடாத கூட்டமாக இருந்தால் ஆரோக்கியமான ஒன்பதுக்கும் எப்போது போடலாம் என்று டாக்டரைக் கேளுங்கள். நோயுற்றதற்குப் போடக் கூடாது. கால்நடைத் துறை பிப்ரவரியில் நடத்தும் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்தான்) தடுப்பூசி முகாமை விட்டுவிடாதீர்கள். இடையில் வாங்குவதாக இருந்தால் நான்கைந்து வீடு சேர்ந்து வாங்குங்கள், ஒரு குப்பியில் நூறு கோழிக்குக் குறையாமல் மருந்து இருக்கும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வரும்வரை அது ஐஸிலேயே இருக்க வேண்டும், கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

கோழி தானாகக் கொத்த ஆரம்பித்தாலும் உடனே கூட்டத்தில் விடாதீர்கள். பல்பை ஒவ்வொரு நாளாகக் குறைத்து, எச்சப் பரிசோதனை சரியாக வந்த பிறகு, சில நாள் பஞ்சாரத்தில் கவிழ்த்து மற்றவை பார்க்கும் இடத்தில் வையுங்கள். அப்புறம் ஒரு நாள் இருட்டிய பிறகு கூண்டில் சேர்த்துவிட்டால், காலையில் கொத்துச் சண்டை குறைவாக இருக்கும்.