டாக்டரம்மா பதில்கள்: ஜுரம் யாருடைய வேலை?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஃப்ளூ பற்றித்தான். எங்கள் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழைதான் வெளுத்து வாங்கும். கூடவே டிஸ்பென்சரி பெஞ்சும் நிரம்பிவிடும். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் ஃப்ளூவுக்கே. சர்க்கரை, முட்டிவலி கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வயதுப் பேரன் பள்ளி விட்டு வரும்போது மழையில் நனைந்துவிட்டான். மறுநாள் ராத்திரி 103 டிகிரி. “குடை கொடுத்து அனுப்பியிருக்கலாமே” என்று மருமகள் என்னைக் குறை சொல்கிறாள். என் தப்புதானா?
– கோத்தகிரியிலிருந்து ஒரு பாட்டி

இல்லை அம்மா. மருமகளிடம் இந்தப் பக்கத்தையே காட்டிவிடுங்கள். மழைத் தண்ணீரில் ஃப்ளூ வைரஸ் கிடையாது. வைரஸ் உள்ளே போய் ஜுரம் அடிக்க 1 முதல் 4 நாள் ஆகும், பெரும்பாலும் 2 நாள். நனைந்த மறுநாளே ஜுரம் என்றால், நனையும்போதே பையனுக்குள் வைரஸ் இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பிடித்த இடம் வகுப்பறையாக இருக்கலாம், அல்லது பள்ளிக்கூட ஜீப். தார்ப்பாயை நாலு பக்கமும் இறக்கிக் கட்டிவிட்டு பதினைந்து பிள்ளைகளை உள்ளே அடைத்தால், ஒரு பிள்ளை தும்மினாலே போதும்.

குளிருக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். குளிர்ந்த, வறண்ட காற்றில் இந்த வைரஸ் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் குளிரால் வைரஸை உண்டாக்க முடியாது. பையனுக்கு எடைக்குத் தக்க பாராசிட்டமால் கொடுங்கள். ஆஸ்பிரின் மட்டும் வேண்டாம். ஃப்ளூ வந்த பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால், அபூர்வமாக, ஈரலையும் மூளையையும் தாக்குகிற ரேயீஸ் நோய் வரக்கூடும்.

எங்கள் லயனில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) போன மாதம் மூன்றே நாளில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். கொழுந்து எடுக்க ஆள் இல்லை. அந்தக் கிருமி உடம்புக்குள் போய் என்னதான் பண்ணுகிறது?
– குன்னூர் அருகே ஒரு தோட்ட மேஸ்திரி

ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் பத்தாயிரம் ஃப்ளூ வைரஸ்களை வரிசையாக நிறுத்திவிடலாம் மேஸ்திரி, அத்தனை சிறிசு. தின்னாது, மூச்சுவிடாது, தானாகப் பெருகவும் தெரியாது. உள்ளே அதன் மரபுச் செய்தியான எட்டுத் துண்டு ஆர்.என்.ஏ., வெளியே ஒரு கொழுப்பு உறை, உறையின் மேல் இரண்டு விதமான முட்கள். அதனிடம் இருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

நம் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்களின் மேல் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருள் நீட்டிக்கொண்டிருக்கும். முதல் வகை முள்ளுக்கு ஹீமக்ளூட்டினின் என்று பெயர். அது இந்தச் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும். செல்லோ, தனக்கு வேண்டிய ஏதோ பொருள் வந்திருக்கிறது என்று அதை ஒரு பைக்குள் வாங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தப் பைக்குள் மெல்லப் புளிப்பு ஏறும். உள்ளே வந்ததைச் செரிக்கச் செல் செய்கிற ஏற்பாடு அது. வைரஸ் காத்திருப்பதும் அந்தப் புளிப்புக்காகத்தான்! புளிப்பு ஏறியதும் முள் உருமாறி, வைரஸின் உறையைப் பையின் சுவரோடு சேர்த்து ஒட்டிவிடும். வழி திறந்து, எட்டுத் துண்டும் வெளியே வந்து செல்லின் கருவுக்குள் போய்விடும். முப்பது வருஷமாக இதைப் படிக்கிறேன், இன்னும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

கருவுக்குள் நடப்பது சுத்தமான மோசடி. செல் தன் வேலைகளுக்கு எழுதும் உத்தரவுகளின் தலைப்பை மட்டும் கிழித்து, தன்னுடைய உத்தரவின் மேல் வைரஸ் ஒட்டிக்கொள்ளும். எஸ்டேட் ஆபீஸ் லெட்டர்பேடைத் திருடி யாரோ உத்தரவு போட்ட மாதிரி. செல் அதை நம்பி வைரஸின் உறுப்புகளைச் செய்து கொடுக்கும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு நேரத்தில் நுழைந்த வைரஸின் பிள்ளைகள், சாயந்திரம் இலை நிறுக்கும் நேரத்துக்குள் வெளியே கிளம்பத் தொடங்கிவிடும்.

கிளம்பும்போது ஒரு சிக்கல். பலாச்சுளை எடுத்த கையில் பால் ஒட்டுகிற மாதிரி, புது வைரஸ்கள் அதே சியாலிக் அமிலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை வெட்டி விடுவதுதான் நியூராமினிடேஸ் என்ற இரண்டாவது முள்ளின் வேலை. ஓசல்டாமிவிர் மாத்திரை இந்தக் கத்திரியைத்தான் முடக்குகிறது. முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நல்ல பலன் என்பது அதனால்தான். எல்லாம் வெளியேறிப் பரவிய பிறகு கத்திரியைப் பிடுங்கி என்ன ஆகப்போகிறது?

இதுவரை உங்கள் ஆளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. ஜுரம் இல்லை, வலி இல்லை. தொற்றிய செல் சாவதற்கு முன் இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரந்து பக்கத்து செல்களை எச்சரிக்கும். அவை கதவைச் சாத்திக்கொள்ளும். (1957இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மானும் இதைக் கண்டுபிடித்ததே ஃப்ளூ வைரஸை வைத்துத்தான்.) வெள்ளையணுக்களும் தங்கள் பங்குக்கு அபாயச் செய்திகளை ரத்தத்தில் விடும். அவை மூளைக்குப் போனதும், உடம்பு இருக்க வேண்டிய சூட்டின் அளவை மூளை உயர்த்தி வைக்கும். உடம்பு அந்த அளவை எட்டுவதற்காக நடுங்கும். நாம் கம்பளியைத் தேடுவோம்.

கைகால் உளைச்சலையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஃப்ளூ வைரஸ் பொதுவாக மூச்சுப்பாதையைத் தாண்டிப் போவதில்லை. அப்படியானால் கெண்டைக்கால் ஏன் வலிக்கிறது? ரத்தத்தில் ஓடுகிற நம்முடைய சொந்த அபாயச் செய்திகளால். ஜுரம், நடுக்கம், உளைச்சல், அசதி எல்லாம் பெரும்பாலும் நம் எதிர்ப்பு சக்தியின் வேலை. வைரஸின் வேலை சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கும்.

ஒரு வாரம் ஆகும்போது, தொற்றிய செல்களைத் தேடிக் கொல்கிற டி-செல்கள் முழுப் பலத்தோடு வந்துவிடும். பிறகு ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் பெருகி, முட்களைச் சூழ்ந்து ஒட்ட விடாமல் செய்யும்.

பாதி லயன் படுத்ததற்குக் காரணம் இன்னொன்று. ஜுரம் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே ஆள் வைரஸைப் பரப்புவார், பிறகு ஐந்திலிருந்து ஏழு நாள் வரை. இதை டாக்டராக இருந்தும் நான் கோட்டைவிட்டிருக்கிறேன். தொண்டைக் கரகரப்புதானே என்று ஒரு டிசம்பரில் வேலைக்குப் போனேன், எங்கள் சிஸ்டரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து டீ குடித்தேன். எனக்கு ராத்திரி ஜுரம். மூன்றாம் நாள் சிஸ்டருக்கு, அப்புறம் அவருடைய அம்மாவுக்கு. அந்த அம்மாள் நிமோனியாவோடு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்துவிட்டார். சிஸ்டர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. கரகரப்பு என்று சொல்கிற ஆளைத் தயவுசெய்து வீட்டுக்கு அனுப்புங்கள். ஒருவரின் ஒரு நாள் கூலியைப் பார்த்தால் இருபது பேர் கூலி போய்விடும்.

ஒரு ஊசி போட்டால் நின்றுவிடுமே, ஏன் மாத்திரை மட்டும் தருகிறீர்கள்?
– அருவங்காடு வாசகர்

நின்றது ஊசியால் அல்ல, ஜுரம் தானாகவே இறங்கும் மூன்றாம் நாள் வந்ததால். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் ஜுரம் விட்டு இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி ஜுரமும் சளியும் ஏறினால் உடனே வாருங்கள். ஃப்ளூ ரணமாக்கிய இடத்தில் நிமோகாக்கஸ் மாதிரி பாக்டீரியா குடியேறியிருக்கலாம். அப்போது நானே ஆன்டிபயாடிக் தருவேன்.

மாமனாருக்கு ஃப்ளூ. விரலில் மாட்டும் மெஷினில் ஆக்சிஜன் 94 காட்டுகிறது. கோயம்புத்தூருக்கு இறக்கிவிடலாமா?
– ஊட்டி வாசகி

ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம். கோவையில் 98 காட்டுகிறவருக்கு அங்கே 95 காட்டுவது சகஜம். அவர் நன்றாக இருக்கும்போது எவ்வளவு காட்டியது? அதைக் குறித்து வைத்திருந்தால்தான் இன்றைய 94க்கு அர்த்தம். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். பேசும்போது மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பாரித்தால், பேச்சு குழறினால் மெஷினைத் தூக்கி வைத்துவிட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மலை இறங்குவதா வேண்டாமா என்பதை அங்கே முடிவு செய்யட்டும்.

தட்டம்மை ஒரு தடவை வந்தால் மறுபடி வருவதில்லை. ஃப்ளூ மட்டும் ஏன் வந்துகொண்டே இருக்கிறது?
– குன்னூர், கல்லூரி மாணவி

நல்ல கேள்வி கண்ணு. பயிற்சிக் காலத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வரிசையாகக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் கோழி ரத்தச் சிவப்பணுக்கள். வைரஸ் இல்லாத குழியில் அணுக்கள் அடியில் இறங்கிக் குங்குமப் பொட்டு மாதிரி உட்காரும். வைரஸ் இருந்தால் அதன் முட்கள் அணுக்களைப் பின்னிப் பிடித்துக்கொள்ளும். பொட்டு விழாது, குழி முழுக்க வெளிறிய சிவப்பாகப் பரவி நிற்கும். இப்போது வைரஸோடு, போன வருஷம் ஃப்ளூ வந்தவரின் ரத்தநீரைக் கலந்தால்? போன வருஷ வைரஸாக இருந்தால் ஆன்டிபாடி முட்களை மூடிவிடும், பொட்டு திரும்பி வரும். இந்த வருஷ வைரஸ் என்றால் சில குழிகளில் பொட்டு வராது. முள் கொஞ்சம் மாறிவிட்டது, பழைய ஆன்டிபாடிக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை.

தன் ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும்போது ஃப்ளூ வைரஸ் நிறைய எழுத்துப்பிழை விடும், திருத்தவும் தெரியாது. அந்தப் பிழைகளில் சில முள்ளின் உருவத்தை மாற்றும். தட்டம்மை வைரஸும் பிழை விடுகிறதுதான். ஆனால் அதன் முள் மாறினால் அதனால் செல்லில் ஒட்டவே முடியாமல் போகும்.

சில சமயம் மாற்றம் சின்னதாக இருக்காது. மனித ஃப்ளூவும் பறவை ஃப்ளூவும் ஒரே செல்லில் நுழைந்தால் இரண்டின் எட்டுத் துண்டுகளும் சீட்டுக்கட்டு மாதிரி கலைந்து, யாருமே பார்த்திராத முள்ளோடு புது வைரஸ் வரும். 1957இல் வந்த ஆசிய ஃப்ளூ அப்படிப்பட்டது. அந்த மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் வழியாக நம் நாட்டுக்குள் நுழைந்தது. அப்போது அதைப் பின்தொடர்ந்த இன்ஃப்ளூயன்ஸா மையம் எங்கே இருந்தது தெரியுமா? உங்கள் ஊரில், சிம்ஸ் பார்க் பக்கத்திலுள்ள பாஸ்டர் நிலையத்தில். 1907இல் வெறிநாய்க்கடிக்காகத் தொடங்கிய இடம். தினமும் அந்த வழியாகத்தானே காலேஜ் பஸ் போகிறது!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2009இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது வழக்கத்துக்கு மாறாக வயதானவர்களைவிட இளசுகளுக்கே அதிகம் தொற்றியது. 1957க்கு முன் பிறந்தவர்கள் பலர் சின்ன வயதில் அதன் தூரத்துச் சொந்தமான எச்1என்1 வைரஸைச் சந்தித்திருந்தார்கள். உடம்பு அதை அரை நூற்றாண்டு கழித்தும் மறக்கவில்லை.

மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஃப்ளூ தடுப்பூசி போடலாமா?
– மேட்டுப்பாளையம் வாசகி

போடலாம், எந்த மாதத்திலும். கர்ப்பத்தில் ஃப்ளூ வந்தால் கடுமையாகிற அபாயம் அதிகம். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. தாய்க்குப் போட்டால் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். ஊசியில் இருப்பது செத்த வைரஸ், அதனால் ஃப்ளூ வராது. ஒரு நாள் கை வலியும் லேசான ஜுரமும் இருந்தால் அது எதிர்ப்பு சக்தி ஒத்திகை பார்ப்பது. பலன் கிடைக்க இரண்டு வாரம் ஆகும். முள் மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை ஊசியில் எந்த வைரஸைச் சேர்ப்பது என்று சொல்கிறது. போன வருஷம் போட்டது இந்த வருஷத்துக்கு ஆகாது.

நீலகிரித் தைலம் போட்டு ஆவி பிடித்தால் வைரஸ் சாகுமா?
– பலர்

சாகாது. மூக்கு திறந்த மாதிரி இருக்கும், இதமாக இருக்கும், அவ்வளவே. சின்னப் பிள்ளைகளைக் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குனிய வைக்காதீர்கள். வெந்துபோன முகங்களோடு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தைலத்தைச் சர்க்கரையில் விட்டு விழுங்கச் சொல்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. ஒரு டீஸ்பூன் போதும், குழந்தைக்கு வலிப்பு வர.

தைலத்தைவிட எனக்குப் பயம் கரி அடுப்பு. ஒரு ஜனவரி காலையில் “வீட்டில் எல்லாருக்கும் ஃப்ளூ” என்று கூப்பிட்டார்கள். போனால் நாலு பேருக்கும் தலைவலி, குமட்டல். தெர்மாமீட்டரில் ஒருவருக்கும் ஜுரம் இல்லை. அறை மூலையில் சாம்பல் பூத்த கரி அடுப்பு, ஜன்னல் இடுக்கில் பழைய துணி. வாசலில் கொண்டுவந்து உட்கார வைத்ததும் தெளிய ஆரம்பித்தார்கள். கரி அடுப்பிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்னைக் கூப்பிட ஆள் இருந்திருக்காது.

ஃப்ளூ போய் மூன்று வாரம் ஆகிறது. இருமல் மட்டும் போகவில்லை.
– கூடலூர் ஆசிரியை

மூச்சுக்குழாயின் உட்சுவரில் மெல்லிய மயிரிழைகள் உண்டு. சளியை மேலே தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. வைரஸ் அந்த இழைகள் உள்ள செல்களை உதிர்த்துவிட்டது. அவை முளைத்து வரச் சில வாரம் ஆகும். அதுவரை சளியை வெளியேற்ற இருமல்தான் கதி. அதோடு உட்சுவர் ரணமாக இருப்பதால் சாக்பீஸ் தூள்கூடக் கிளறிவிடும். வெந்நீர் குடியுங்கள், கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். ஆனாலும் இரண்டு வாரம் தாண்டிய இருமலை நான் சும்மா விடுவதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்வார்கள். காலையில் எழுந்ததும் வரும் சளியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். காசநோய் இல்லை என்று தெரிந்த பிறகு மயிரிழைகளுக்காகப் பொறுத்திருக்கலாம்.