மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு முன் சிப்காட்டைப் பாருங்கள்

வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். அவர் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் ஃபிட்டர். மனைவி ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறார். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்த மகள், வேதியியலிலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண்களோடு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பெங்களூரில் மென்பொருள் வேலையிலிருக்கும் மைத்துனர், ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் பேசி வைத்திருக்கிறார். நான்கு ஆண்டுக்கும் விடுதிக்குமாகச் சேர்த்து 14 லட்சம் ரூபாய், முன்பணம் உடனே கட்ட வேண்டும். மகளோ தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலராகப் போக வேண்டும் என்கிறாள். “பெண் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு படிப்பா? சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்” என்பது அவருடைய கேள்வி.

ஐயா, பெற்ற மனத்தின் கவலை புரிகிறது. ஆனால் அதற்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் முன்பணம் கட்டும் நாள் வந்துவிடும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அந்த 14 லட்சத்தை நீங்கள் கட்டக் கூடாது.

ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கி 2021-இல் தமிழக அரசு சட்டம் இயற்றியது. அந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு மூலம் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சலுகையும் உண்டு; அதுவும் கலந்தாய்வில் இடம் பெற்றவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கையெழுத்திட்டால் இரண்டும் போய்விடும். தனக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டிய படிப்பை விட்டுவிட்டு, தான் கேட்காத ஒரு படிப்புக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்த குடும்பத்தின் பெண்ணாக அவள் கல்லூரிக்குப் போவாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. விரும்பிப் படிப்பவருக்கு அது நல்ல படிப்பு. மைத்துனர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் தவணையை அடைக்கப் போகிறவர் அவர் இல்லை.

மருத்துவம், வங்கித் தேர்வு, ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றைப் பற்றி உங்களிடம் சொல்லப் பத்துப் பேர் இருப்பார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் குறையாக எழுதிய ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். ஆயுத பூஜைக்குக் குடும்பத்தைக் கம்பெனிக்கு அழைத்துப்போனபோது, கிரைண்டிங் மெஷினின் கார்டு, அதாவது பாதுகாப்பு மூடி, கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “அதை யார் கழற்றினார்கள், ஏன் யாரும் கேட்கவில்லை” என்று பல நாள் துளைத்தெடுத்தாள் என்கிறீர்கள். எல்லோரும் சந்தனமும் பொரியும் பார்த்த இடத்தில் அவள் கார்டைப் பார்த்திருக்கிறாள். இடர் மேலாண்மை என்ற துறைக்கு முதலில் வேண்டியது இந்தக் கண்தான்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை நம் மாவட்டத்துத் தோல் தொழிற்சாலையை வைத்தே விளக்குகிறேன். தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீர், அமிலம் கலந்த வேறு கழிவுநீரோடு ஒரே தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அது தொட்டியின் அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் செறிவு ஏறத்தாழ 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போய்விடும் என்பது இறங்குகிற தொழிலாளிக்குத் தெரியாது. நாற்றம் குறைந்துவிட்டது என்று நம்பி அவர் இறங்குகிறார். அவர் மயங்கியதும் தூக்குவதற்கு இன்னொருவர் இறங்குகிறார், அவரைத் தொடர்ந்து மூன்றாமவர். கழிவுத் தொட்டி மரணங்கள் பெரும்பாலும் ஒன்றோடு நிற்காததற்கு இதுவே காரணம்.

பாதுகாப்பு அலுவலர் இந்தத் தொட்டியை எப்படி அணுகுவார்? ஆபத்து நிகழும் வாய்ப்புக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை ஓர் எண், நிகழ்ந்தால் விளையும் பாதிப்புக்கு இன்னோர் எண், இரண்டையும் பெருக்கினால் வருவது இடரின் அளவு. உயிர் போகக்கூடியது என்றால் பாதிப்பு ஐந்து. மாதந்தோறும் ஆளை இறக்கிக் கசடு அள்ளும் இடத்தில் வாய்ப்பும் ஐந்தை நெருங்கும். இந்தக் கணக்கைப் பள்ளிப் பிள்ளையும் போடலாம். அதன் பிறகு வருவதுதான் திறமை. ஆள் இறங்கவே தேவையில்லாமல் பம்பு வைத்துக் கசடை எடுக்க முடியுமா? சல்ஃபைடு கழிவும் அமிலக் கழிவும் சந்திக்காதபடி தனித்தனி வாய்க்கால் அமைக்க முடியுமா? முடியாதென்றால் தொட்டிக்குள் காற்றைச் செலுத்த என்ன ஏற்பாடு? அதன் பிறகுதான் எழுத்துமூல அனுமதிச் சீட்டு, கருவியால் வாயுவை அளப்பது, ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் ஆளை இறக்க மறுப்பது, மேலே ஒருவர் கயிற்றோடு காவல் நிற்பது எல்லாம். முகமூடி வரிசையில் கடைசி. நம் ஊரில் பல இடங்களில் முகமூடியிலிருந்தே தொடங்கி அதிலேயே முடித்துக்கொள்கிறார்கள், விலை குறைவு என்பதால்.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். ஒரு தொட்டியைக் கட்டும் திட்டத்தில் செலவையும் காலக்கெடுவையும் எழுதுவதைப் போலவே, சுவர் சாய்ந்தால் எந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கத்தில் இரவில் யார் இருப்பார்கள், சுவரை யார் எத்தனை நாளுக்கொரு முறை பார்வையிட வேண்டும், குறை தெரிந்தால் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று பெயரும் தேதியும் போட்டு எழுதிவைப்பதற்கே இடர்ப் பதிவேடு என்று பெயர். அதை எழுதி, மாதந்தோறும் மேலாளர் முன்னால் வைத்துக் கேள்வி கேட்பதற்கு ஆள் வேண்டும்.

சட்டமும் அந்த ஆளைக் கேட்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 40-பி பிரிவு, 1,000 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயமாக்கியது. போபால் விபத்துக்குப் பின் 1987-இல் அபாயகரமான தொழில்களுக்கான விதிகள் இறுகின. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இந்த எல்லையை 500 பேராகவும், அபாயகரமான தொழில்களுக்கும் கட்டுமானப் பணிகளுக்கும் 250 பேராகவும் குறைத்தது. ராணிப்பேட்டையின் ரசாயன ஆலைகள், பெல் நிறுவனம், ஆம்பூர் வரை நீளும் ஷூ கம்பெனிகள், 2024 செப்டம்பரில் பனப்பாக்கத்தில் அடிக்கல் நாட்டப்பட்ட டாடா மோட்டார்ஸ் ஆலை ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். தீங்கு நேரும் என்று முழுமையாக நிரூபிக்கப்படும் வரை காத்திராமல் முன்னதாகவே தடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996-இல் இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்ததே, நம் வட ஆற்காட்டுத் தோல் ஆலைகள் பற்றிய வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில்தான்.

“பெண் பிள்ளைக்கு” என்ற சொல்லுக்கு உங்கள் மனைவியையே பதில் சொல்லச் சொல்லுங்கள். ஷூ கம்பெனியின் தையல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பசையின் நெடியில் தலை சுற்றுவதையும் கழிப்பறைக்குப் போக அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருப்பதையும் அவர்கள் ஓர் ஆண் அதிகாரியிடம் எவ்வளவு சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இனி வழி. நேரடியாகத் தீயணைப்பு, பாதுகாப்பு என்ற பெயரிலுள்ள இளநிலைப் படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், கெமிக்கல் ஆகியவற்றில் ஒன்றைக் கலந்தாய்வில் எடுக்கட்டும். பின்னாளில் மனம் மாறினாலும் கையில் ஒரு பொதுவான பட்டம் இருக்கும். பாகாயத்திலுள்ள தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியை விருப்பப் பட்டியலில் மேலே வைக்கலாம். பாதுகாப்பு அலுவலராவதற்கு விதிகள் பொதுவாகக் கேட்பவை பொறியியல் பட்டம், தொழிற்சாலையில் மேற்பார்வை நிலையில் இரண்டு ஆண்டு அனுபவம், தொழிலகப் பாதுகாப்பில் அங்கீகரிக்கப்பட்ட பட்டயம், பெரும்பான்மைத் தொழிலாளரின் மொழியறிவு ஆகியவை. வேதியியல் அல்லது இயற்பியல் பட்டதாரிக்கு அனுபவம் ஐந்து ஆண்டு. அந்தப் பட்டயத்தை ஓராண்டில் தருகிற மத்திய அரசு நிறுவனம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. மேலே படிக்க விரும்பினால் திருச்சி என்ஐடியில் தொழிலகப் பாதுகாப்புக்கே முதுநிலைப் படிப்பு உண்டு.

ஆறே மாதத்தில் ‘ஃபயர் அண்ட் சேஃப்டி’ முடித்தால் துபாயில் வேலை என்று பேருந்து நிலையத்தில் நோட்டீஸ் கொடுக்கும் நிறுவனங்களுக்கு ஒரு ரூபாயும் தர வேண்டாம். அங்கீகாரம் இல்லாத அந்தச் சான்றிதழைச் சட்டம் கேட்கும் பட்டயமாக யாரும் ஏற்க மாட்டார்கள். வளைகுடா நாடுகளில் மதிக்கப்படும், பிரிட்டனின் நெபோஷ் அமைப்பு தரும் பாதுகாப்புச் சான்றிதழைச் சில ஆண்டு அனுபவத்துக்குப் பின் அவள் சம்பாத்தியத்திலேயே வாங்கிக்கொள்ளட்டும்.

தொடக்கச் சம்பளம் மைத்துனரின் சம்பளத்துக்கு அருகில் வராது. உற்பத்தியை நிறுத்தச் சொல்லும் நாளில் மேலாளரின் கோபத்துக்கு ஆளாக வேண்டியிருக்கும். சில கம்பெனிகள் கையெழுத்துக்காக மட்டும் இந்தப் பதவியை வைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் அவள் நீடிக்கக் கூடாது. இவற்றை அவளிடமே சொல்லுங்கள். கேட்ட பிறகும் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் முந்தைய பள்ளியிலும் வாங்க வேண்டும். முதல் பட்டதாரிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து அது வருவதற்கு நாளாகும் என்பதால், கலந்தாய்வுப் பதிவு முடியும் வரை காத்திருக்க வேண்டாம்.