வீட்டில் வீணாகும் பொருட்களையும் இயற்கைப் பொருட்களையும் கொண்டு கைவினைப் பொருட்கள் செய்ய ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

பழைய செய்தித்தாளைக் கூழாக்கிக் கிண்ணம் செய்வதிலிருந்து தொடங்குங்கள். கூடவே கொஞ்சம் வெந்தயம் வேண்டும்.

கேள்வியின் கீழே ஒரு பட்டியல் போட்டிருக்கிறீர்கள்: பசைத் துப்பாக்கி, மினுக்குத் தூள், வண்ண அட்டை, ஐஸ் குச்சி. இவற்றுக்கே ஆயிரம் ரூபாய் ஆகிறதே, குறைந்த செலவில் வழி உண்டா, அடுக்குமாடி வீட்டில் இடம் போதுமா, பின்னால் விற்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். கிழித்த தாள் கூழுக்கு ஆகும்.

என் மகன் ஆறாம் வகுப்பில் படித்தபோது, வீணான பொருளில் கலைப்பொருள் செய்து கொண்டுவரச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் குளிர்பானம் வாங்கும் வழக்கம் இல்லை. காலி பாட்டிலுக்கு எங்கே போவது? இரண்டு பெரிய பாட்டில்களை விலைக்கு வாங்கி, உள்ளே இருந்ததைத் தெருப் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, பாட்டிலை வெட்டிப் பூச்சாடி செய்தோம். ஐஸ் குச்சியும் புதிதாகக் கட்டுக் கட்டாகக் கடையில் வாங்கியதுதான். மதிப்பெண் கிடைத்தது. சாடி ஒரு மாதம் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் தூசி வாங்கியது. பிறகு பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். வெறும் பாட்டிலாக இருந்தால் எடை போட்டிருப்பார். பசையும் சாயமும் மினுக்கும் ஒட்டிக் கிடந்ததால், “இதை யாரும் எடுக்க மாட்டார்கள் அக்கா” என்று கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுசுழற்சிக்குப் போயிருக்க வேண்டிய ஒன்றை, பாடுபட்டு, பணம் செலவழித்துக் குப்பையாக்கியிருந்தோம்.

அன்றிலிருந்து ஒன்றை மட்டும் பார்க்கிறேன்: செய்த பொருள் அடுப்படியிலோ வாசலிலோ தினமும் கைபட வேண்டும். அலமாரியில் வைத்துப் பார்க்க மட்டும் ஒன்று வேண்டுமென்றால் கடையிலேயே வாங்கிவிடலாம்.

காகிதக் கூழ் வேலை எனக்குக் காணொளி பார்த்து வந்ததில்லை. திருச்செந்தூருக்குப் பக்கத்து ஊரில் எங்கள் ஆச்சி வீட்டில் கோடை விடுமுறை தோறும் நடக்கும். சுளகிலும் ஓலைப் பெட்டியிலும் இடுக்கு விழுந்து தானியம் ஒழுக ஆரம்பித்தால் தூக்கி எறிய மாட்டார்கள். (மற்ற ஊர்க்காரர்கள் முறம் என்பதைத்தான் நாங்கள் சுளகு என்போம்.) காகிதத்தையும் வெந்தயத்தையும் சேர்த்து ஆட்டி, அந்தக் கூழை இடுக்கில் மெழுகிக் காய வைப்பார்கள். மிஞ்சிய கூழில் ஒரு தட்டோ கிண்ணமோ பிறக்கும். அதற்கு எங்களுக்குள் அடிதடி.

செய்முறை இதுதான். ஒரு கிலோ செய்தித்தாளைத் தபால்தலை அளவுக்குக் கிழித்து ஊறப்போடுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், கையால் கிழித்தால்தான் ஓரத்தில் நார் பிரிந்து நிற்கும், தண்ணீரும் சீக்கிரம் ஏறும். வழவழப்பான வார இதழ்த் தாளைச் சேர்க்காதீர்கள், அதன் பூச்சு தண்ணீரை உள்ளே விடாது. கடையில் தரும் பளபளப்பான ரசீதுத் தாளும் கூடாது. மூன்று நாள் ஊற வேண்டும், தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். இரண்டாம் நாள் இரவில் 100 முதல் 150 கிராம் வெந்தயத்தைத் தனியாக ஊறவையுங்கள். ஊறிய வெந்தயம் கொழகொழவென்று வருமே, அதுதான் இங்கே பசை. மறுநாள் காகிதத்தை ஒட்டப் பிழிந்து, வெந்தயத்தோடு சேர்த்து, சப்பாத்தி மாவைவிடச் சற்றுத் தளர்வாக ஆட்டி எடுங்கள். ஆட்டுக்கல் இருந்தால் உத்தமம், இல்லாவிட்டால் கிரைண்டர்.

மிக்ஸியில் அரைக்கலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். நான் அரைத்தேன். மூன்றாவது சுற்றில் கருகிய வாடை வந்தது. மோட்டாரைச் சரிசெய்ய அறுநூறு ரூபாய் ஆனது. காலணா செலவில்லாத கைவேலை என்று நான் வீட்டில் பீற்றிக்கொண்டிருந்த வாரம் அது.

அடுத்தது அச்சு. பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். கூழ் காயும்போது சுருங்கும். குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் நேராக அப்பினால், சுருங்குகிற கூழ் குடத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒன்று வெடிக்கும், அல்லது கழற்ற வராது. ஆச்சி நனைத்த பழைய வேட்டித் துண்டை இரண்டு மடிப்பாகக் குடத்தின் மேல் போர்த்தி, அதற்கு மேல் அப்புவாள். சுருக்கத்துக்குத் துணி இடம் கொடுத்துவிடும். முதல்முறை செய்கிறவர்கள் அகலமான பிளாஸ்டிக் பேசினின் உட்புறத்தில் எண்ணெய் தடவி, அதற்குள் அப்புவதே நல்லது. காயக் காயக் கூழ் தானாகவே சுவரை விட்டு விலகி வரும். சுண்டுவிரல் கனம் போதும். விளிம்பை மட்டும் கொஞ்சம் தடிப்பாக விடுங்கள், கை அதிகம் படுகிற இடம் அது. முதல் நாள் நிழலில், அடுத்த மூன்று நான்கு நாள் வெயிலில் காய வேண்டும். எடுத்தவுடன் வெயிலில் வைத்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். வெடிப்பு அங்கேதான் தொடங்கும். பாதி காய்ந்திருக்கும்போது கரண்டி முதுகால் தேய்த்துக் கொடுத்தால் கடைசல் பிடித்ததுபோல் வழவழப்பாக வரும். “அவசரப்படாதே பிள்ளே, அடியில் தட்டினால் சட்டிச் சத்தம் கேட்க வேண்டும்” என்பாள் ஆச்சி. இன்றும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

மழைக்காலத்தில் மட்டும் இதைத் தொடாதீர்கள். ஒருமுறை ஐப்பசியில் பொறுக்க முடியாமல் செய்தேன். ஆறு நாள் சூரியனைக் காணோம். கிண்ணம் முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்துவிட்டது. மின்விசிறியில் காய வைத்து, அடுப்புப் பக்கத்தில் வைத்து, கடைசியில் செடித்தொட்டியில் மண்ணோடு மண்ணாகப் புதைத்தேன்.

காய்ந்த கிண்ணத்தின் உள்ளே பழைய பருத்திப் புடவைத் துண்டுகளை மைதாப் பசையால் ஒட்டினால் ஆயுள் கூடும். அந்தப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் (செம்பு சல்பேட்) சேர்ப்பது புத்தகம் கட்டுகிறவர்களின் வழக்கம், பூச்சி அரிக்காது. ஆனால் துத்தம் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதை வாங்கியே வைக்காதீர்கள்.

இதில் உணவுப் பொருளை வைக்கலாமா என்பதில் எனக்கும் ஆச்சிக்கும் ஒத்துப்போகாது. அவள் மெழுகிய பெட்டியில் அரிசியே போட்டு வைத்தாள். செய்தித்தாளில் உணவை மடித்துக் கொடுக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2016 இல் அறிவுறுத்தியது. அச்சு மையில் இருக்கும் வேதிப்பொருட்கள்தான் காரணம். ஆகவே என் கிண்ணங்களில் தோலுரிக்காத வெங்காயம், பூண்டு, சாவிக்கொத்து, ஊசிநூல் இவ்வளவுதான். ஈரம் எதுவும் ஆகாது. நனைந்தால் திரும்பவும் கூழ்தான்.

கொலுவுக்கு வாங்குகிறோமே, எடையில்லாத காகிதக் கூழ் பொம்மைகள், அவையும் இதே சாதிதான். பண்ருட்டி, விழுப்புரம் பக்கத்தில் கூழை இரண்டு பாதி அச்சில் அழுத்தி எடுத்து ஒட்டுகிறார்கள். ஒரு பொம்மையைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள், கனம் எவ்வளவு வேண்டும் என்பது பிடிபட்டுவிடும்.

இரண்டாவதாகச் சிரட்டை. சென்னைக்காரராக இருந்தால் கொட்டாங்குச்சி என்று படித்துக்கொள்ளுங்கள். தேங்காயை இரண்டாக உடைத்தால் கண் இருக்கும் பாதி ஒன்று, கண் இல்லாத பாதி ஒன்று. கண் உள்ள பாதியில் ஒரு கண் எப்போதும் மெலிதாக இருக்கும், குத்தினால் ஓட்டை. கிண்ணம் செய்யலாம் என்று அதைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிவிட்டு, தண்ணீர் ஊற்றியபின் ஒழுகுவதைக் கண்டு விழித்தவள் நான். கண் உள்ள பாதியைச் செடிக்கு வைத்துக்கொள்ளுங்கள், வடிகால் ஓட்டையைக் கடவுளே போட்டு அனுப்பியிருக்கிறார். கண் இல்லாத பாதிதான் கிண்ணத்துக்கும் அகப்பைக்கும். ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மேல் நாரைக் கத்தியால் சுரண்டி, 80 ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 220, 400 என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். இடையில் ஒரு எண்ணைத் தாண்டிக் குதித்தால் முதல் தாளின் கீறல் கடைசிவரை தெரியும். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், தூள் பொல்லாதது. முடிவில் தேங்காய் எண்ணெயைத் தவிர வேறு எதுவும் பூச வேண்டாம். வார்னிஷ் பூசிய சிரட்டையில் பண்டம் வைக்க எனக்கு மனம் வராது.

பனையோலை எனக்கு உயிர். ஆனாலும் அடுக்குமாடியில் தொடங்குகிறவருக்கு அதைச் சொல்ல மாட்டேன். விரியாத குருத்தோலை வேண்டும். அதை வெட்ட மரம் ஏறுகிறவர் வேண்டும். காய வைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, முடைவதற்கு முன் ஈரத்துணியில் சுற்றிப் பதமாக்க வேண்டும். வார்கிற கைதான் பாதி வேலை, அது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும். எங்கள் பக்கத்தில் மணப்பாட்டுப் பெண்களும், செட்டிநாட்டில் கொட்டான் என்னும் ஓலைக்கூடை முடைகிறவர்களும் செய்வதைப் பார்த்துவிட்டால் நம் கையை நாமே மறைத்துக்கொள்வோம். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே உண்டு. அவர்களிடம் ஒன்று வாங்கி, பிரித்துப் பிரித்து முடைந்து பாருங்கள், அது நல்ல பாடம். ஓலைதான் வேண்டும் என்று கை துடித்தால் தென்னையோலையில் பாம்பு, காற்றாடி, கைக்கடிகாரம் செய்து பிள்ளைகளுக்குக் கொடுங்கள். இரண்டு நாளில் வாடிவிடும், அதனால் ஒரு நட்டமும் இல்லை.

பழைய புடவை மிதியடியைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருப்பார்கள் என்பதால் இரண்டு விஷயம் மட்டும். பருத்தியையும் பாலியஸ்டரையும் ஒரே பின்னலில் சேர்க்காதீர்கள். துவைத்தால் பருத்தி சுருங்கும், மற்றது சுருங்காது, மிதியடி கோணிக்கொள்ளும். பின்னலைச் சுருட்டித் தைக்கும்போது இழுத்துப் பிடிக்காமல், தரையில் தட்டையாகக் கிடத்தி, கோணி ஊசியால் தளர்வாகத் தையுங்கள். நான் இழுத்துத் தைத்த முதல் மிதியடி கிண்ணம்போல் குழிந்துவிட்டது. இப்போது அதில் பூனை தூங்குகிறது.

குன்றிமணியைக் கோத்து மாலை, கொலுசு என்று படங்கள் வருகின்றன. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்போமே, அதே சிவப்பு விதைதான். அதில் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. துளையிட்ட விதையை ஒரு குழந்தை கடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. மணி கோர்க்க ஆசையென்றால் புளியங்கொட்டை போதும். ஊறவைத்துத் துளையிட்டால் உடையாது.

விற்பனை பற்றிக் கேட்டீர்கள். என் கணக்கைச் சொல்கிறேன். ஒரு காகிதக் கிண்ணத்துக்குக் காயும் நாட்களை விட்டுவிட்டுக் கைவேலை மட்டும் மூன்று மணி நேரம். குடியிருப்புச் சந்தையில் ஒன்றுக்கு 150 ரூபாய்க்கு மேல் யாரும் கொடுக்கவில்லை. ஒரு அம்மாள், “பழைய பேப்பர்தானே?” என்று எண்பதுக்குக் கேட்டார். சிரட்டைத் தொட்டிகள் பரவாயில்லை, செடியோடு வைத்தால் நின்ற நிலையில் போய்விடுகின்றன. ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை வந்தபோது பழைய வேட்டியில் மஞ்சள் பை தைத்தேன். அதுதான் நன்றாக ஓடியது. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிய பிறகு நாலா பக்கமும் பை வந்துவிட்டது, என் பை நின்றுவிட்டது. வீட்டுச் செலவுக்கு இதை நம்பாதீர்கள். உப்புத்தாள் காசு திரும்பினால் போதும் என்று செய்தால் சந்தோஷமாகச் செய்யலாம்.

இடத்துக்குக் கவலை வேண்டாம். என் பால்கனி ஆறடிக்கு மூன்றடி. துணிக் கொடிக்குக் கீழே ஒரு பேசினும் ஒரு முக்காலியும்தான் என் பட்டறை. வெயில் காலமாக இருந்தால் இன்று இரவே தாளைக் கிழித்து ஊறப்போடலாம். நாளை மறுநாள் தண்ணீர் கறுத்து ஒரு வாடை வரும். பயந்து கொட்டிவிடாதீர்கள், தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். வெந்தயம் சேர்த்த பிறகு மாடி முழுக்க மணக்கும். எதிர்வீட்டு அம்மாள் கதவைத் தட்டி, இட்லிக்கு ஆட்டுகிறீர்களா என்று கேட்பார்.